பத்துக்கு ரெண்டு



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. இது திருவிழா அறிவிப்பும் இல்ல, நன்கொடை கேட்கிற பதிவும் இல்ல. நம்ம ஆலய இளைஞர் அணி இறுதி ஆட்டத்தில் 2-1 என்று தோத்ததைப் பத்தியும், அன்னைக்கு ராத்திரி நம்ம வாட்சாப் குழுவில் நடந்ததைப் பத்தியும் எழுதுறேன். என் தப்பும் இதில் இருக்கு. அதனால் யாரையும் குத்திக்காட்ட எழுதுறதா நினைக்க வேண்டாம்.

ஆட்டம் முடிஞ்சது சாயங்காலம் ஆறு மணிக்கு. ஏழரைக்கெல்லாம் கடைசி கோல் விழுந்த காணொளி குழுவில் வந்துடுச்சு, பின்னணியில் ஒரு வடிவேலு வசனத்தோட. அடுத்து ஒரு தம்பி பட்டியல் போட்டார். பதினோரு பேர் பெயர், பக்கத்தில் பத்துக்கு எத்தனை மார்க். எல்லாரும் சேர்ந்துக்கிட்டாங்க. முன்வரிசைப் பையனுக்கு எட்டு, நடுத்திடல் பையனுக்கு ஆறு. கோல்காவலருக்கு ஒருத்தர் பூஜ்யம், ஒருத்தர் ஒண்ணு. இன்னொருத்தர் "மைனஸ் போட முடியுமா?"ன்னு கேட்டார். ஐம்பதுக்கும் மேல சிரிக்கிற பொம்மை.

நான் ரெண்டு போட்டேன். பூஜ்யம் போடாததால நியாயமா நடந்துக்கிட்டதா எனக்கு ஒரு நினைப்பு வேற.

அந்தப் பையனுக்கு வயசு 17. இந்த வருஷம் எஸ்பிஎம் எழுதுறான். வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு எல்லாரும் கை கழுவிட்டுப் போன பிறகு, பின்பக்கக் குழாயடியில் அண்டா தேய்க்கிறவன் அவன்தான். பல பேருக்கு அவன் முகமே தெரியாது, ஏன்னா அந்த நேரத்தில் நாம அங்க இருக்கிறதில்ல. ரெண்டு வெள்ளிக்கிழமையா அவன் வரல. போன சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மாதான் கதவைத் திறந்தாங்க. "தூங்குறான் அண்ணே"ன்னாங்க. மணி அப்போ மாலை ஆறு.

இப்ப அந்தக் கோலை வரிசையா சொல்றேன். காணொளியில் இருக்கிறது கடைசி நாலு விநாடி மட்டும்.

ஆட்டம் 1-1. முடிய அஞ்சு நிமிஷம். மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆச்சு, திடல் முழுக்கத் தண்ணி. நமக்கு ஒரு மூலை உதை கிடைச்சுது. திடலுக்கு வெளியே நின்ன நான், "ரெண்டு பேக்கும் மேல போ"ன்னு கத்தினேன். போனாங்க. பந்து வெளியே வந்துச்சு. நம்ம நடுத்திடல் பையன் ஒருத்தரை வெட்டிட்டு, இன்னொருத்தரையும் வெட்டப் பார்த்துப் பந்தை விட்டுட்டான். எதிரணி ஆள் பாதித் திடல் தூரம் தனியா ஓடி வந்தான், தடுக்க ஒருத்தரும் இல்ல. கோல்காவலர் சரியாத்தான் முன்னால வந்தான். பந்து ஈரத்தரையில் குத்தி எழும்பி, கையில் பட்டு வழுக்கி, காலுக்கு நடுவில் போயிடுச்சு.

ஆக அந்தக் கோலில் தப்பு மூணு. முதல் தப்பு என்னுது, ரெண்டாவது நடுத்திடல் பையனுது, மூணாவதுதான் அவனுது. மார்க் மட்டும் மூணாவது ஆளுக்குக் குறைஞ்சுது. எனக்கு யாரும் மார்க்கே போடல. சட்டி உடைஞ்ச சத்தம் கேட்டு ஓடி வர்றவங்க, கடைசியா சட்டியைத் தொட்டது யாருன்னுதான் பார்ப்பாங்க.

பெர்த்தில் இருக்கிற என் அக்கா மகன்கிட்ட போனில் இதைப் புலம்பினேன். அவன் அங்க போய் பல வருஷம் ஆச்சு, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் காற்பந்துப் பைத்தியம். முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர், கையிலும் காலிலும் ஆடுறது. எனக்கு அந்த ஆட்டம் சரியா புரியாது. ஆனா அவன் சொன்ன ஒண்ணு மனசில் நின்னுடுச்சு.

"மாமா, இங்க கணக்கு எழுதுறவங்க கோல் அடிச்சதை மட்டும் எழுத மாட்டாங்க. 'ஒன் பெர்சென்டர்'னு தனியா ஒரு கணக்கு இருக்கு"ன்னான். எதிராளி பந்தைப் பிடிக்கப் போகும்போது முட்டியால தட்டி விடுறது, உதைக்கிற பந்து மேல உடம்பைப் போட்டு அமுக்குறது, நம்ம ஆளு ஓடுறதுக்கு வழி விட்டு எதிராளியை மறிக்கிறது, இதெல்லாம் அதில் சேரும். ஒவ்வொண்ணும் ஒரு சதவீதம் மாதிரி சின்ன வேலை. கைத்தட்டல் கிடைக்காது, ஆனா எண்ணுவாங்க.

அதுக்கு அவன் சொன்ன உதாரணம் 2018 செப்டம்பர் 29, மெல்பர்ன் கிரிக்கெட் திடலில் நடந்த மாபெரும் இறுதி ஆட்டம். பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் மெல்பர்னின் காலிங்வுட்டும் மோதினாங்க. ஒரு லட்சத்துக்கு மேல கூட்டம். முதல் அஞ்சு கோலையும் அடிச்சது காலிங்வுட். வெஸ்ட் கோஸ்ட் மெதுவா துரத்தி வந்து, கடைசி ரெண்டு நிமிஷத்துக்குள்ள டொம் ஷீட் என்கிறவர் எல்லைக் கோட்டோரம் இருந்து உதைச்ச பந்து கோலாச்சு. 79-74, அஞ்சே புள்ளியில் கிண்ணம். அந்த உதை இன்னைக்கும் பெர்த்தில் பேசப்படுது.

ஆனா அந்தப் பந்து ஷீட் கைக்கு வந்த வழியைப் பாருங்க. பின்வரிசையில் ஜெரமி மெக்கவர்ன் பிடிச்சார், நேதன் வார்டி வழியா போச்சு, லியம் ரையன் பிடிச்சு ஷீட் பக்கம் உதைச்சார். ஷீட் அதைப் பிடிக்கிற நேரத்தில் வில்லி ரியோலி என்கிறவர் குறுக்கே நின்னு, காலிங்வுட்டின் பிரெய்டன் மேனார்டை மறிச்சார். பந்தைத் தொடவே இல்ல. அவர் மறிக்காம இருந்தா ஷீட்டுக்கு அந்த உதையே கிடைச்சிருக்காது. அது முறையான மறிப்பா இல்லையான்னு காலிங்வுட் பக்கம் முணுமுணுப்பு உண்டு, அது வேற கதை. அன்னைக்கு ஆட்ட நாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் லூக் ஷுவிக்குப் போச்சு. ஆனா ஆட்டம் தெரிஞ்ச ரசிகர்கள் ரியோலியையும் மறக்காம சொல்றாங்க.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கம். பிரவுன்லோ பதக்கம்னு ஒண்ணு 1924இல் இருந்து கொடுக்கிறாங்க. லீக் ஆட்டம் ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் நடுவர்கள் மூணு பேருக்கு 3, 2, 1 என்று வாக்கு போடுவாங்க. அந்த வாக்கு பருவம் முடியும் வரை வெளியே வராது. திறமை மட்டும் போதாது, நேர்மையாவும் ஆடணும், தடை வாங்கின ஆட்டக்காரருக்குப் பதக்கம் கிடையாது. 1997இல் அதிக வாக்கு வாங்கினது கிறிஸ் கிராண்ட், ஆனா ஒரு ஆட்டத் தடை இருந்ததால பதக்கம் ராபர்ட் ஹார்விக்குப் போச்சு.

மார்க் போடுறதை ஆட்டம் முடிஞ்ச சூட்டில் கொட்டிடாம, ஒரு பொறுப்பான வேலையா செய்றாங்க. நாம செய்யுறது என்ன?

இது வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமும் இல்ல. நம்ம தோட்டத்திலும் ஒரு முறை இருந்துச்சு. சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பந்து. திடலுக்கு ஒரு பக்கம் லயன், ஒரு பக்கம் மாரியம்மன் கோயில். தோத்தா திங்கட்கிழமை விடியக்காலை பெரட்டில் கிழிப்பாங்க, அதில் ஒண்ணும் குறைச்சல் இல்ல. என் அப்பாவே ஒரு தடவை கோல் கோட்டைவிட்டு, ஒரு வாரம் "ஓட்டை வாளி"ன்னு பேர் வாங்கினவர். ஆனா கிண்டல் பண்ணினவரும் கிண்டல் வாங்கினவரும் அன்னைக்கே பக்கத்து பக்கத்து நிரையில் பால் வெட்டணும். காண்டா வாளி தூக்கிட்டு ஒண்ணா நடக்கணும். அவர் முகத்தைப் பார்த்துதான் பேசணும், அதனால பேச்சுக்கு ஒரு அளவு தானா வந்துச்சு. இப்ப போனில் முகம் தெரியல, அளவும் போச்சு. அப்பாவோட பேரு ஒரு வாரத்தில் மறந்துச்சு. இந்தப் பையனோட காணொளி எத்தனை போனில், எத்தனை வருஷம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

அதே 2018, அக்டோபர் 27. ஞாபகம் இருக்கா? ஷா ஆலம் அரங்கில் மலேசியா கிண்ண இறுதி ஆட்டம், பேராக்கும் திரங்கானுவும். தீபாவளிக்குப் பத்து நாள். கோயிலில் ஒட்டடை அடிக்கிற வேலையைப் பாதியில் விட்டுட்டு எதிர் ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்தோம். நமக்கு மூணு கோல் விழுந்துச்சு. "கோலியை மாத்துடா"ன்னு கடையே கத்துச்சு, நானும்தான். கடைசிக் கட்டத்தில் கில்மார் 3-3 ஆக்கினார். பெனால்டியில் 4-1. 2000க்கு அப்புறம் 18 வருஷம் கழிச்சுக் கிண்ணம் ஈப்போவுக்கு வந்துச்சு.

அன்னைக்கு நம்ம கோல்காவலர் ஹபிசுல் ஹக்கிம். மூணாவது கோல் விழுந்தப்போ அவருக்கு மார்க் போட்டிருந்தா பத்துக்கு மூணு கூடக் கிடைச்சிருக்காது. பெனால்டி முடிஞ்சு போட்டா பத்துக்குப் பத்து. ஆள் அதே ஆள்தான், நாம பார்த்த நேரம்தான் வேற.

கோல்காவலர்னா நம்ம வீட்டில் இன்னொரு பேரும் சொல்லியே ஆகணும். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயிச்சு, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர். அப்புறம் நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணிச்சதால போக முடியல. அந்தக் கதையை வச்சுதான் 2016இல் 'ஓலா போலா' படம் வந்துச்சு. ஸ்கோரை இன்னொரு தடவை பாருங்க: 2-1. அன்னைக்கு ஆறுமுகத்தைத் தாண்டியும் ஒரு பந்து உள்ளே போச்சு. அந்தக் கோலைப் பத்தி இன்னைக்கு யாராவது பேசுறோமா?

சிலர் கேட்பீங்க: "அப்போ விமர்சனமே கூடாதா? திடலில் இறங்கினா பேச்சு வாங்கத்தான் வேணும்." சரிதான். பொய்யா தட்டிக்கொடுத்தா எந்தப் பையனும் வளர மாட்டான். ஈரப் பந்தை உள்ளங்கையால மட்டும் பிடிக்காம நெஞ்சோட அணைச்சு, காலைச் சேர்த்து வச்சுப் பிடிக்கணும். அதை அவனுக்குச் சொல்லியே ஆகணும். சொல்ல வேண்டியவன் நான். பயிற்சியில் ஒரு நாள்கூட ஈரப் பந்தில் அவனைப் பழக்கல. அதைச் செய்யாம 'ரெண்டு'ன்னு போட்டதில் அவனுக்கு என்ன பாடம்?

இன்னொண்ணு. சம்பளம் வாங்குற ஆட்டக்காரரைப் பேசுறது வேற. நம்ம பையன் ஜெர்சிக்கு 25 வெள்ளி தன் கையில் இருந்து கொடுத்து ஆடினவன். 2025இல் பேராக் எஃப்சியே சூப்பர் லீக்கில் இருந்து விலகிடுச்சு. 1921இல் தொடங்கிய பாரம்பரியம் அது. ஈப்போ அரங்குக்குப் போய் கத்தின நமக்கு இப்ப கண்ணெதிரே மிச்சம் இருக்கிறது இந்த மாதிரி சின்னத் திடல்களும் இந்தப் பையன்களும்தான். இவங்களையும் விரட்டிட்டா, அப்புறம் யாருக்கு மார்க் போடுறது?

அதனால நிர்வாகத்தின் சம்மதத்தோட நாலு விஷயம் கேட்டுக்கிறேன்.

ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி யாருக்கும் மார்க் வேண்டாம். மறுநாள் காலை பசியாறிட்டுப் போடுங்க.

குறை எழுதினா, அவனுக்கு என்ன வேலை கொடுத்திருந்தோம்னு முதலில் எழுதுங்க. கூடவே அவன் செஞ்ச கண்ணுக்குத் தெரியாத வேலை ஒண்ணு. அரையிறுதியில் இதே பையன் தனியா வந்த ரெண்டு பேரைத் தடுத்தான். அதுக்குக் காணொளி யாரும் எடுக்கல.

பயிற்றுநருக்கும் மார்க் போடுங்க. இந்த ஆட்டத்துக்கு நான் எனக்குப் போட்டுக்கிறது பத்துக்கு ரெண்டு.

18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க தப்பு செஞ்ச காணொளியைக் குழுவில் போடாதீங்க. போட்டவங்க நீக்கிடுங்க. மத்த இடத்துக்கு அனுப்பியிருந்தா அங்கேயும் சொல்லி நீக்கச் சொல்லுங்க. இது உத்தரவு இல்ல, வேண்டுகோள்.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பியான்னு தெரியல. பேக்கை மேல அனுப்பினது நான். அதை அன்னைக்கே குழுவில் சொல்லியிருக்கணும், சொல்லல. மன்னிச்சுக்கோ. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு வாளித் தண்ணியும் ஆறு பந்தும் எடுத்துட்டுத் திடலுக்கு வர்றேன். நீ வந்தாலும் வராட்டாலும் ஆறரை வரைக்கும் அங்கதான் இருப்பேன்.

மத்தவங்களுக்கு: இந்த வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் பின்பக்கக் குழாயடிக்கு ரெண்டு பேர் வேணும். மூணு பெரிய அண்டா. இது வரைக்கும் ஒருத்தனே செஞ்ச வேலை.

 ஓம் சக்தி.