ஞானப்பல் அகற்றிய பின்



செஞ்சிக் கோட்டை மதிலில் ஒரு பெருங்கல்லைப் பெயர்த்தால் அவ்விடம் வலுவிழக்கும். எலும்பினுள் புதைந்த ஞானப்பல்லை அகற்றிய கீழ்த்தாடையும் அவ்வாறே. தாடை முறிவது மிக அரிது. இலட்சம் பற்களில் ஏறக்குறைய 5 முறையே நேரும். ஆயினும் 40 வயதைக் கடந்த ஆண்கள் கவனமாயிருத்தல் நன்று. பெரும்பாலும் வலி தணிந்த 2, 3ஆம் வாரங்களில், உணவை மெல்லும்போதே முறிவு நேர்கிறது. வலி போனதால் எலும்பு கூடிவிட்டதென எண்ணாதீர். வலீமா விருந்தாயினும் எலும்புக் கறியைத் தவிர்த்து, 4 வாரங்கள் கஞ்சி, குழைந்த சோறு உண்ணுங்கள். ‘மளுக்’கென்ற ஓசையோ, திடீர் வலியோ, பற்கள் பொருந்தாமையோ தோன்றினால் உடனே மருத்துவரை நாடுங்கள். உடல் அல்லாஹ் அளித்த அமானிதம். அதைப் பேணுவது நம் கடமை.