எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டில் என்னென்ன மாறும்?

"இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்கோ..." எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களுக்கு வரும் முதல் சிக்கல் இதுதான். அன்பில் சொல்வதுதான். ஆனால் அது பழைய வயிறு இல்லை.

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது?

‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை அகற்றப்படும். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டுமே மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் குறையும்.

எப்படிச் சாப்பிடணும்?

முதலில் திரவ உணவு, பிறகு மசித்தது, அப்புறம் மென்மையான உணவு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். தட்டில் முட்டை, மீன், பருப்பு, பனீருக்கே முதலிடம்; சோறு கடைசியில்தான். தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்தே குடிக்கணும்.

ஸ்வீட் சாப்பிட்டால்?

குறிப்பாக ‘பைபாஸ்’ முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இதற்கு ‘டம்பிங்’ என்று பெயர்.

எதில் கவனம் தேவை?

* பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க தேவைப்படும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துவது பெரிய தவறு.

* சில மாதங்களில் முடி கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

* கர்ப்பத்தை 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடணும்.

* வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போகணும். பி1 வைட்டமின் குறைந்தால் நரம்பு, மூளை வரை பாதிக்கப்படலாம்.

எடை மறுபடியும் ஏறுமா?

ஏறலாம். ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் எல்லாம் சின்ன வயிற்றிலும் சுலபமாக இறங்கிவிடும். அதனால் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் டாக்டர் ஆலோசனையும் அவசியம். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘போதும்’ என்றால் விட்டுவிடணும்.