மீற்றர் வட்டிக்கு ஒரு நியாயம், ஏ.ரி.எம்முக்கு ஒரு நியாயமா?

எங்கட ஊரில் மீற்றர் வட்டிக்குக் காசு குடுக்கிறவரைப் பற்றி ஆரும் நல்லதாகக் கதைப்பதில்லை. நூற்றுக்குப் பத்து, அதுவும் மாதத்துக்கு. வருசக் கணக்கில் பார்த்தால் 120 வீதம். அவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டினால் அயலட்டை முழுக்கக் கதவிடுக்கால் எட்டிப் பார்க்கும். அதே அயலட்டை, பிள்ளைக்கு வேலை கிடைத்து முதல் கடனட்டை கைக்கு வந்ததும் சந்தோசப்படுகிறது. அந்த அட்டையைச் சென்னையில் ஒரு ஏ.ரி.எம்முக்குள் விட்டுக் காசெடுத்து, பத்தே நாளில் ஒழுங்காகத் திருப்பிக் கட்டினாலும், கட்டுகிற விலை மீற்றர் வட்டியை விடக் கூட. கோபத்தில் பெருப்பித்துச் சொல்லுறம் என்று நினைக்க வேண்டாம். கணக்குக் கீழே இருக்கு.

10,000 இந்திய ரூபாய் எடுக்கிறீர்கள். எங்கட காசில் 35,000 என்று வைப்பம். முதலில் வங்கி ஒரு முன்பணக் கட்டணம் அடிக்கும். இது வங்கிக்கு வங்கி வேறு. 4 வீதம் என்று எடுத்தால் 1,400 ரூபாய். அடுத்தது நாணயமாற்றுக்கான மேலதிகம். அதை 3 வீதம் என்று போட்டால் 1,050 (இது கடையில் கார்டைத் தேய்த்தாலும் வரும், ஆகவே இதை மட்டும் ஏ.ரி.எம்மின் தலையில் கட்ட ஏலாது). பிறகு வட்டி. வருசத்துக்கு 26 வீதம் என்றால் 35,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 25 ரூபாய். பத்து நாளுக்கு 250.

இப்ப இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாரும் பயப்படுகிற வட்டிதான் இதில் ஆகச் சின்னது. 250 ரூபாய். ஒருத்தரும் கதைக்காத கட்டணம் 1,400. பத்து நாளுக்கு 4 வீதம் என்றால், சும்மா 36.5 ஆல் பெருக்கினாலே வருசத்துக்கு 146 வீதம் வருகிறது. வட்டி 26 ஐயும் அதோடு கூட்டினால் 172. மீற்றர் வட்டிக்காரர் 120 இல் நிற்கிறார், பாவம்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கு. கட்டணம் ஒரே தடவைதான் விழும் என்றபடியால், கெதியாகக் கட்டி முடிக்கிறவருக்குத்தான் வருச வீதம் கூட வரும். ஆறு மாதம் இழுத்தடிக்கிறவருக்கு வீதம் குறையும், ஆனால் கையால் போகிற காசு கூடும். ஆகவே கெதியாகக் கட்டுவதுதான் நல்லது. ஆனால் கெதியாகக் கட்டினால் வட்டி இல்லை என்று நம்பிக்கொண்டு போகிறதுதான் பொறி.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கார்ட் விற்க வருகிற ஆக்கள் சொல்கிற ஒரே வசனத்தில் இருந்து. "ஐம்பது நாள் வரைக்கும் வட்டி இல்லை." அது பொய்யில்லை. கடையில் பொருள் வாங்கி, பில்லில் வந்த முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஆனால் காசாக எடுத்தால் அந்தச் சலுகை ஒரு நாளுக்குக்கூட இல்லை. இயந்திரம் நோட்டை எண்ணி வெளியில் தள்ளுகிற நாளில் இருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அந்த ஐம்பது நாள் வசனத்தின் இந்த இரண்டாம் பாதியை எந்தப் பொடியனும் எந்தப் பிள்ளையும் மேசையில் வைத்துச் சொல்லித் தந்ததை நாங்கள் கேட்டதில்லை. அவர்களில் எங்களுக்குக் கோபமும் இல்லை. மாதத்துக்கு இத்தனை கார்ட் என்று இலக்குக் குடுத்து வெயிலுக்குள் அனுப்பப்பட்ட எங்கட வயது ஆக்கள்தான் அவர்களும்.

கம்பஸ் பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கதை, எங்களிடம் சம்பளமும் இல்லை கார்டும் இல்லை என்று கேட்பீர்கள். அக்காவின் அல்லது அண்ணாவின் கணக்கில் எடுத்த துணை அட்டை எங்களில் கனபேரிடம் இருக்கு. "அவசரத்துக்கு வைச்சிரு" என்று தருவார்கள். நாங்கள் எடுக்கிற காசு அவர்களின் பில்லில் விழும், பிந்தினால் கிறிப் அறிக்கையில் அவர்களின் பெயர் கெடும். அவர்கள் நாளைக்கு வீட்டுக்கடன் எடுக்கப் போகேக்கை அது முன்னால் வந்து நிற்கும்.

பயணங்களும் கூடியிருக்கு. பலாலியில் ஏறினால் ஒரு மணித்தியாலமளவில் சென்னை. காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் 2023 ஒக்ரோபரில் தொடங்கியது. வைத்தியத்துக்குப் போகிறவை, கலியாண உடுப்பெடுக்கப் போகிறவை, சிதம்பரம் போகிறவை. எங்களைப் போல ஆக்கள் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவை. அங்கே சின்னப் பதிப்பகத்தின் கடையில் நின்று பாருங்கள். மேசையில் ஒரு கியூ.ஆர் அட்டை ஒட்டியிருக்கும். ஜிபே, இல்லையென்றால் காசு. கார்ட் தேய்க்கிற மெசின் இருந்தாலும் வெளிநாட்டுக் கார்ட் சிலவேளை வேலை செய்யும், சிலவேளை செய்யாது. பத்து வீதக் கழிவோடு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "அண்ணா, கிட்டடியில ஏ.ரி.எம் எங்க?" என்று கேட்பதைத் தவிர வழியில்லை. பத்து வீதம் கழிவு கிடைத்தது. ஏழு வீதம் வெளியில் போனது. மிச்சத்தை வட்டி பார்த்துக்கொள்ளும்.

2024 பெப்ரவரி 12 அன்று யு.பி.ஐ இலங்கைக்கு வந்தது. பெரிய எடுப்பில் மூன்று நாட்டுத் தலைவர்களும் இணையவழியில் இருந்து தொடக்கி வைத்தார்கள், மொரிசியசும் சேர்த்து. இந்தியாவில் இருந்து வருகிறவர் இங்கே கடையில் ஃபோனை நீட்டிக் கட்டலாம். அன்றைக்குத் திறந்த கதவு அந்தப் பக்கத்து ஆக்கள் இந்தப் பக்கம் வாறதுக்கு. அவர்கள் கட்டணமில்லாமல் இளநீர் குடிக்கலாம், நாங்கள் 4 வீதம் குடுத்துத்தான் அங்கே தேத்தண்ணி குடிக்க வேணும்.

வங்கிகளின் பக்க நியாயத்தையும் கேட்டுப் பார்த்தம். கடனட்டையில் காசு எடுக்கிறவர் பெரும்பாலும் நெருக்கடியில் இருக்கிறவர், திரும்பி வராமல் போகிற ஆபத்துக் கூட என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்ளுவம். ஆபத்துக்கான விலைதானே வட்டி? அது முதல் நாளே ஓடத் தொடங்குதே. பிறகு கட்டணம் எதுக்கு? இயந்திரச் செலவுக்கு என்றால், 5,000 ரூபாயை எண்ணுவதும் 10,000 ரூபாயை எண்ணுவதும் இயந்திரத்துக்கு ஒரே வேலை. செலவுக்கான கட்டணம் ரூபாயில் இருக்க வேணும், வீதத்தில் இருக்கிறது என்றால் அது வேறு பெயரில் வந்த வட்டி.

பெயர் மாறுவதில்தான் விசயமே இருக்கு. 2020 இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2022 ஏப்ரலில், நெருக்கடி உச்சத்தில், அந்த வரம்பை எடுத்தார்கள். வட்டி 30 ஐத் தாண்டியது. அந்த நேரம் எல்லாரும் கத்தினம், பத்திரிகைகளும் எழுதின. நுண்கடன் விசயத்திலும் இப்படித்தான். வன்னியிலும் கிழக்கிலும் பெண்கள் கடனால் பட்ட பாட்டுக்குப் பிறகு 2018 இல் 35 வீத உச்சவரம்பு வந்தது. வட்டி என்ற சொல்லுக்கு வரம்பு போடலாம், அதுக்காகப் போராடலாம். "கட்டணம்" என்று எழுதினால் அது மரியாதையான சொல்லாகிவிடுகிறது. பில்லின் ஒரு வரிசையில் பேசாமல் கிடக்கும்.

அந்தப் பில் எந்த மொழியில் வருகிறது என்றும் பாருங்கள். எங்களில் ஒருத்தி தன் அக்காவின் கார்ட் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்து காட்டினாள். முழுக்க ஆங்கிலம். முன்பணம் பற்றிய பந்தி எறும்பு அளவு எழுத்தில். நாங்கள் ஐந்து பேர் கலைப்பீடத்து வாசகர்கள், தடித்த கோட்பாட்டுப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அந்தப் பந்தியை மூன்று தரம் வாசிக்க வேண்டியிருந்தது. தமிழ் 1987 இல் இருந்து இந்த நாட்டின் அரசகரும மொழி. யாழ்ப்பாணத்தில் தமிழில் கதைத்து விற்ற அட்டைக்கு, தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க என்ன செலவு? "வாசிக்காமல் கையெழுத்து வைச்சது உங்கட பிழை" என்று சொல்கிற பெரியாக்களுக்கும் இதுதான் பதில். வாசிக்க ஏலாத மாதிரி எழுதியது ஆற்றை பிழை?

"கார்டே வேண்டாம்" என்கிற புத்திமதியும் எங்களுக்கு வேண்டாம். வெளியில் படிக்க விண்ணப்பிக்க, பரீட்சைக்குக் கட்ட, தங்குமிடம் பதிய, எல்லாத்துக்கும் கார்ட் கேட்கிறார்கள். வைத்திருக்கத்தான் வேணும். அப்ப எப்படிப் பாவிக்கிறது?

முதல் வேலை, ஊரிலேயே பாஸ்போட்டையும் ரிக்கெட்டையும் கொண்டு வங்கிக்குப் போய் டொலர் வாங்கிக்கொண்டு போவது. ரெண்டாவது, சொந்த டெபிட் கார்ட். பல வங்கிகள் அதை வெளிநாட்டில் வேலை செய்யாமல் பூட்டித்தான் வைத்திருக்கும். போக முதல் அழைத்துத் திறக்கச் சொல்ல வேணும். அதுக்கும் கட்டணம் உண்டு, ஆனால் எடுக்கிறது உங்கட காசு, வட்டி ஓடாது. கடனட்டையில்தான் எடுக்க வேண்டி வந்தால், புறப்பட முதல் பழைய நிலுவையை முழுக்கக் கட்டி, அதுக்கு மேலதிகமாகவும் காசு போட்டு வையுங்கள். மிகுதி உங்கட பக்கம் இருந்தால் கடனே இல்லை. ஆனால் கட்டணம் அப்பவும் விழுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னது காற்றோடு போகும். பழைய நிலுவை இருக்கேக்கை காசெடுத்தால், பிறகு கட்டுகிற காசை எந்தக் கடனுக்கு முதலில் கழிக்கிறது என்பதை வங்கிதான் தீர்மானிக்கும். பில் வரும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். எடுத்த அன்றைக்கே அறையில் இருந்து இணைய வங்கியால் கட்டுங்கள்.

கட்டணத்துக்குக் குறைந்தபட்சத் தொகை இருக்கும், ஆகவே ஆயிரம் ஆயிரமாக ஐந்து தரம் எடுக்காமல் ஒரே தரம் எடுங்கள். திரையில் "இலங்கை ரூபாயில் கழிக்கவா?" என்று கேட்டால் மாட்டன் என்று அழுத்துங்கள். அது உதவி மாதிரித் தெரியும், ஆனால் மாற்று வீதத்தை அந்த இயந்திரக்காரர் தனக்கு ஏற்ற மாதிரிப் போடுவார். கார்டால் வொலெட்டுக்குக் காசு ஏத்துவதையும் சில வங்கிகள் காசெடுத்ததாகவே கணக்குப் போடும். அத்தோடு எடுத்த நாளின் மாற்று வீதம் இல்லை, கணக்கில் பதிகிற நாளின் வீதம்தான் உங்களுக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அந்த இடைவெளியில் வெளிநாட்டில் கார்ட் பாவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் தனித்தனியாக நாங்கள் செய்கிற தற்காப்பு. எங்கட கோரிக்கை வேறு. காசு எடுத்தவுடன் ஃபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது, எடுத்த தொகையோடு. அதே செய்தியில் இன்னும் இரண்டு எண்ணைச் சேர்க்கச் சொல்லுறம். கட்டணம் எத்தனை ரூபாய், இன்றில் இருந்து நாளுக்கு வட்டி எத்தனை ரூபாய். தமிழில். கணினிக்கு அது ஒரு நொடி வேலை. மத்திய வங்கி 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று ஒழுங்குவிதிகள் கொண்டுவந்திருக்கு, அதுக்கென்று ஒரு திணைக்களமும் இருக்கு. முதலில் உங்கட வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. பதில் வராவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனுக்கு. நாங்கள் அந்த அக்காவின் பில்லை வைத்து ஒரு கடிதம் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறம். பதில் எந்த மொழியில் வருகுது என்று பார்ப்பம். உங்களிடமும் அப்படி ஒரு பில் இருந்தால், பெயரையும் அட்டை இலக்கத்தையும் மறைத்துவிட்டு எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தோடு இணைக்க வேணும்.