வாடகைக் கார் விருந்தாளிக்கு, சம்மன் யாருக்கு?

மஸ்ஜித் இந்தியாவில் துணிமணி வாங்கிய கையோடு, "ஒரு கார் எடுத்துக் கொடுங்கள், கேமரன் மலைக்கு நாங்களே போய் வருகிறோம்" என்கிறார்கள் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள். இங்கும் இடப்பக்கம்தான், ஓட்டிவிடலாம். டோலுக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். பின்னால் உட்காரும் பாட்டிக்கும் சீட் பெல்ட் கட்டாயம். 2009 முதல் சட்டம்.

சிக்கல் பிறகுதான். 2026 ஜனவரி 1 முதல் பெரும்பாலான போக்குவரத்து சம்மன்களை 15 நாளுக்குள் கட்டினால் பாதிக் கழிவு, 30 நாளுக்குள் 33 விழுக்காடு. 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். சிறப்புக் கழிவு வரட்டும் என்று காத்திருந்த நம் பழக்கம் இனி உதவாது. கேமராவில் சிக்கிய விருந்தாளியோ அதற்குள் விமானம் ஏறியிருப்பார். கார் உங்கள் பெயரில் இருந்தால் வாடகை நிறுவனம் உங்களைத்தான் தேடும். ஓட்டுபவர் பெயரிலேயே ஒப்பந்தம் போடுங்கள். இந்திய லைசென்சோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் அவர் ஊரிலேயே வாங்கி வரட்டும்.

மலிவு என்று தெரிந்தவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுப்பதுதான் பெரிய ஆபத்து. சாதாரணத் தனியார் கார் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. மோதினால் பழுதுச் செலவு கைக்காசுதான். கார் கொடுத்தவரும் நீங்களும் முகம் பார்க்க முடியாமல் போகும்.