கொம்பனிக் காரா, கார்க் காசா?

போன கிழமை இரவு பத்து மணிக்கு என் தங்கையின் மகன் போன் எடுத்தான். "மாமா, புது வேலை கிடைச்சிருக்கு. கொம்பனிக் கார் வேணுமா, இல்லாட்டி மாதம் 500 பவுண்ஸ் கார் அலவன்ஸ் வேணுமா எண்டு கேக்கினம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லவேணும். அம்மா காசை எடு எண்டு சொல்லுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

லண்டனில் பிறந்த பிள்ளை. இதையெல்லாம் தமிழில் கேட்கிறான் என்பதே எனக்குச் சந்தோஷம். ஆனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் இதே கேள்வியை என்னிடம் கேட்டபோது, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் "காசு" என்று சொன்னவன் நான்.

கட்டடங்களில் ஹீற்றிங், ஏசி பழுது பார்க்கும் வேலை எனக்கு. ஒரு நாளில் நாலைந்து இடம் போகவேண்டும். கார் அலவன்ஸ் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. முதல் மாதம் பேஸ்லிப்பைப் பார்த்து, சம்பளம் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தக் காசு எங்கே போனது? கொஞ்சம் சீட்டுக்குப் போனது. அப்பாவின் ஒப்பரேஷனுக்குப் போனது. ஊரில் வீட்டுக் கூரைக்குப் போனது. எதுவும் வீண் செலவு இல்லை. ஆனால் ஒரு சதமும் காருக்குப் போகவில்லை. நான் ஓடியது ஒரு பழைய டீசல் கார்.

2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி யூலெஸ் வலயம் லண்டன் முழுவதற்கும் விரிந்தது. அன்றிலிருந்து என் கார் வீதியில் இறங்கினாலே நாளுக்கு 12.50 பவுண்ஸ். வேலைக்குப் போகும் ஐந்து நாளுக்கு 62.50. மனேஜரிடம் போய்க் கேட்டேன். "அதுக்குத்தானே உனக்கு அலவன்ஸ் தாறம்" என்றார். கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் சொன்னதில் பிழை இல்லை என்று விளங்கியது. கடைசியில் அவசர அவசரமாக, கடனுக்கு, வேறு கார் வாங்கினேன்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. கார் அலவன்ஸ் என்பது சம்பள உயர்வு இல்லை. கார் ஒன்றை வைத்திருப்பதில் உள்ள அத்தனை பாரத்தையும் கொம்பனி உங்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு, அதற்குத் தருகிற கூலி. காப்புறுதி, ரயர், சேர்விஸ், எம்.ஓ.ரி., பெறுமதி இறங்குவது, நாளைக்கு அரசாங்கம் கொண்டுவரப்போகும் புதுக் கட்டணம் எல்லாம் உங்கள் பாடு.

மருமகனுடைய கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 42,000 பவுண்ஸ் சம்பளம் என்று வையுங்கள். மாதம் 500 என்றால் வருடத்துக்கு 6,000. அதில் 20 வீதம் வருமான வரி, 8 வீதம் நஷனல் இன்சூரன்ஸ். கைக்கு வருவது 4,320, அதாவது மாதம் 360. சம்பளம் 50,270ஐத் தாண்டியவர் என்றால் 40 வீதமும் 2 வீதமும் போய் மாதம் 290தான். "ஐந்நூறு தருகிறார்கள்" என்று கோயிலில் சொல்வதற்கு முன் இதை ஒருமுறை கழித்துப் பார்க்கவேண்டும்.

கொம்பனிக் காரை எடுத்தால், காரின் பட்டியல் விலையில் ஒரு வீதத்தை உங்கள் வருமானமாகக் கருதி வரி போடுவார்கள். மின்சாரக் கார் என்றால் அந்த வீதம் 2026-27 வரியாண்டில் 4. பட்டியல் விலை 35,000 பவுண்ஸ் என்றால் கணக்கில் சேர்வது 1,400. அதற்கு 20 வீத வரி வருடத்துக்கு 280 பவுண்ஸ், மாதம் 24 பவுண்ஸ்கூட இல்லை. காப்புறுதியும் சேர்விஸும் பொதுவாகக் கொம்பனியின் தலையில். உங்கள் ரக்ஸ் கோட் 1257எல் என்பதிலிருந்து 1117எல் என்று இறங்கும். அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம், காரணம் இதுதான்.

இந்தச் சலுகை இப்படியே இருக்கப்போவதும் இல்லை. 2027-28இல் 5 வீதம், 2028-29இல் 7, 2029-30இல் 9 என்று ஏற்கெனவே அறிவித்திருக்கிறார்கள். நாலு வருட லீசில் கார் தருகிறார்கள் என்றால் நாலு வருடத்துக்கும் கணக்குப் பாருங்கள்.

பெற்றோல் கார் என்றால் கதை வேறு. 30,000 பவுண்ஸ் பெறுமதியான கார் ஒன்று 30 வீத வகுப்பில் வந்தால், 9,000 பவுண்ஸ் உங்கள் வருமானத்தில் சேரும். 20 வீத வரியே வருடத்துக்கு 1,800. இதைவிட 2017 ஏப்ரலில் வந்த விதி ஒன்றும் இருக்கிறது. காரா காசா என்று தெரிவு தரப்பட்டால், காரின் வரிப் பெறுமதி, நீங்கள் விட்டுக்கொடுத்த காசு, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. கிலோமீற்றருக்கு 75 கிராம் அல்லது அதற்குக் குறைவாகக் காபன் வெளியிடும் கார்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே "கொம்பனிக் கார் நல்லது", "கொம்பனிக் கார் கூடாது" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. என்ன கார் என்று முதலில் கேட்கவேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. சைல்ட் பெனிஃபிற்றுக்கு 60,000 பவுண்ஸ் எல்லை இருக்கிறது. 57,000 சம்பளம் எடுக்கிற ஒருவர் 6,000 அலவன்ஸும் எடுத்தால் 63,000 ஆகிவிடும். ஒவ்வொரு 200 பவுண்ஸுக்கும் ஒரு வீதம் என்று, சைல்ட் பெனிஃபிற்றில் 15 வீதத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். அதே ஆள் மேலே சொன்ன மின்சாரக் காரை எடுத்திருந்தால் 58,400தான். ஒன்றும் கட்டத் தேவையில்லை.

அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு காரை எடுக்கலாமா? அதுவும் இல்லை. என் நண்பன் ஒருவன் பத்து வருடம் கொம்பனிக் காரில்தான் திரிந்தான். கலியாணவீடு, கோயில் தேர், ஏர்போர்ட் எல்லாம் அந்தக் கார்தான். "என்ர கார்" என்றுதான் சொல்வான். ஒரு நாள் ஆட்குறைப்பு. திறப்பை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான். வாசலில் கார் இல்லாததைப் பார்த்துத்தான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த கிழமை பழைய கார் ஒன்று வாங்கப் போனால், காப்புறுதி விலை தலையைச் சுற்றியது. பத்து வருடம் சொந்தப் பெயரில் காப்புறுதி இல்லாததால் நோ கிளெய்ம் போனஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது. பொதுவாக இரண்டு வருடம்தான் அது செல்லுபடியாகும்.

காசு எடுத்தவன் தப்பினான் என்றும் இல்லை. பீ.சி.பி.யில் கார் எடுத்தவனுக்கு வேலை போனாலும் மாதத் தவணை போகாது. இரண்டு வழியிலும் பள்ளம் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓடவேண்டும், அவ்வளவுதான்.

காசை எடுத்தவர்கள் உடனே செய்யவேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, காப்புறுதியில் வேலைப் பாவனை இருக்கிறதா என்று பார்ப்பது. வேலைக்குப் போய்வருவதற்கு மட்டும் எடுத்த காப்புறுதி, ஒரு சைற்றிலிருந்து இன்னொரு சைற்றுக்கு ஓடும்போது உதவாது. இரண்டாவது, மைல் கணக்கு. சொந்தக் காரில் வேலைக்காக ஓடும் முதல் 10,000 மைலுக்கு 45 பென்ஸ் வரை வரியில்லாமல் பெறலாம் என்று 2011இல் வைத்தார்கள். உங்கள் கொம்பனி 15 பென்ஸ்தான் தருகிறது என்றால், மிச்ச 30 பென்ஸுக்கு எச்.எம்.ஆர்.சி.யிடம் வரி நிவாரணம் கேட்கலாம். வருடம் 8,000 மைல் ஓடினால் 2,400 பவுண்ஸுக்கு நிவாரணம், 20 வீதத்தில் 480 பவுண்ஸ் கையில். நாலு வருடம் பின்னோக்கியும் கேட்கலாம். நான் இதைப் பல வருடம் தெரியாமல் விட்டவன். மைல் எழுதிய கொப்பியும் இல்லை, காசும் இல்லை.

எங்கள் ஆட்கள் ஏன் காசைத்தான் எடுக்கிறோம்? எங்களுக்குச் சம்பளம் என்பது தனியாள் சம்பளம் இல்லை. அதில் ஊரும் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது, அக்கா தங்கை வீட்டு விசேஷமும் இருக்கிறது. கையில் காசு வந்தால் கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. காரைக் கேட்டு ஒருவரும் போன் எடுக்கமாட்டார்கள். கொடுப்பது பிழை என்று நான் சொல்லவரவில்லை. சம்பளத்தில் இருந்து கொடுங்கள். மோட்டர்வேயில் இரவு பதினொரு மணிக்கு உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ரயரில் இருந்து கொடுக்காதீர்கள்.

மருமகனுக்கு அடுத்த நாள் போன் எடுத்துச் சொன்னேன். "தம்பி, மூண்டு கேள்வி கேள். தாற கார் மின்சாரமா, பெற்றோலா? இடையில வேலையை விட்டால் ஏதும் கட்டவேணுமா? உன்ர வீட்டு வாசலில சார்ஜ் பண்ணலாமா?" வீட்டு மின்சாரத்துக்கு வற் 5 வீதம், வெளியே பொது இடத்தில் 20. பிளாற்றில் இருக்கிறவனுக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை.

"அப்ப நீங்கள் என்ன எடுக்கச் சொல்லுறியள் மாமா?" என்று திரும்பவும் கேட்டான்.

"மின்சாரக் கார், வீட்டில சார்ஜ் பண்ணலாம் எண்டால் காரை எடு. இல்லாட்டி காசை எடு. ஆனால் அந்தக் காசுக்கு வேற பாங்க் எக்கவுண்ட் ஒண்டு திற. அதில எவ்வளவு கிடக்கு எண்டு அம்மாவுக்கும் சொல்லாதை, எனக்கும் சொல்லாதை."

சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.