மணி ஒலித்தல் மட்டும் போதாது

ஊவா மாகாணத்திலே சிறுபோகக் காலத்தில் மழை குன்றிக் காற்று மிகும். வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் நெல் வயல்களிலே உருளைக்கிழங்கும், பூனாகலை போன்ற மேட்டு நிலங்களிலே போஞ்சி, கோவா, தக்காளியும் நீரை நாடி நிற்பது அக்காலத்திலேயாம். அவ்வேளையில் நீரிறைக்கும் மோட்டார் எரிந்துபோனால், அதற்குப் புதுச்சுருள் சுற்றி மீட்டுக் கொணர்வதற்குள் பயிர் வாடிவிடும். ஆதலின் மோட்டாரைக் காப்பது பயிரைக் காப்பதேயாகும்.

மோட்டார் எரிதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, மூன்று பேஸ்களுள் ஒன்று அற்றுப்போதல். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அப்பொழுது உடனே நிற்பதில்லை. எஞ்சிய இரண்டின் வழியே அதே சுமையை இழுக்க முயலும். அவற்றிற் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காக உயர்ந்து, சுருள்கள் சூடேறிக் கருகும்.

இதனைக் கண்டறியும் மின்காவற் கருவிகள் இப்பொழுது கிடைக்கின்றன. வகுத்த எல்லையை மின்சாரம் மீறினால் மணியை ஒலிப்பிப்பது இவற்றின் ஒரு பயன். ரிலே மூலம் ஸ்டார்ட்டரைத் துண்டித்து மோட்டாரை நிறுத்துவது மற்றொரு பயன். கமக்காரர் பலர் மணியோடு மனநிறைவு கொள்கின்றனர். இது தவறு என்பது எமது கருத்து. நள்ளிரவில் வயலோரக் கொட்டகையில் ஒலிக்கும் மணியைக் கேட்போர் யார்?

எச்சரிக்கைக்கும் செயலுக்கும் இடையேயுள்ள வெளி எத்துணைக் கொடியது என்பதைப் பூனாகலை மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும், குடியிருப்பு இடம் மாறவில்லை. உயிரிழப்போடு மோட்டாரை ஒப்பிடுதல் எம் நோக்கமன்று. கற்க வேண்டிய பாடம் ஒன்றே. இன்று மலைநாட்டில் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரானால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் எனப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு செயல் உண்டு. கொட்டகையிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

ஆகவே தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு பின்வருவனவற்றைச் செய்விக்க:

1. மின்னோட்ட எல்லையை மோட்டாரின் பெயர்த்தகட்டிலுள்ள அம்பியருக்கேற்ப வைக்க.

2. பேஸ் அற்றால் ஓரிரு வினாடிகளில் ரிலே துண்டிக்க வேண்டும். பேஸ்களுக்கிடையே வழக்கமான 400 வோல்ட்டு 360க்குக் கீழே தாழ்ந்தால், ஏறத்தாழ ஐந்து வினாடி பொறுத்துத் துண்டிக்கலாம். மோட்டார் புறப்படும்போது உண்டாகும் கணநேரத் தாழ்வினால் வீணே நிற்காதிருக்கவே இத்தாமதம்.

3. ரிலேயின் முனைகள் சில அம்பியர்களையே தாங்கும். அவற்றை ஸ்டார்ட்டர்ச் சுருளின் வழியில் இணைக்க வேண்டுமேயன்றி, மோட்டாருக்குச் செல்லும் கம்பியில் இணைத்தலாகாது.

4. மின்சாரம் செவ்வனே இருக்கும்போது மட்டும் ரிலே ஈர்த்து நிற்குமாறு அமைக்க. கருவியே பழுதடைந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.

5. மணிக்குத் தனி பற்றரி வைக்க. மின்சாரம் அற்றவிடத்து ஊமையாகும் மணியால் பயனில்லை.

6. நின்ற மோட்டார் தானே மீண்டும் ஓடலாகாது. ஒருவர் வந்து காரணம் அறிந்த பின்னரே இயக்குதல் வேண்டும்.

மணி அடிக்கடி ஒலிக்கின்றதெனச் சினந்து எல்லையைத் தளர்த்துவோரும், ரிலேயைச் சுற்றி நேர்க்கம்பி இடுவோரும் உளர். அன்று ஓடிய நீர் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கருகும் சுருள் தெரியாது. மணி ஒலிப்பின் காரணத்தைத் தேடுக. மணியின் வாயை அடைக்கற்க.

மாதம் ஒருமுறை கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்துக. மோட்டார் நின்றால் காவல் உளது. நில்லாவிடின் அன்றே மின்வினைஞரை அழைத்திடுக.