ஆமைக்குக் கண்ணு இருக்கு, கண்டலுக்கு?

பங்குனி மாசம் ஒரு சாயங்காலம், நரம்பை கடற்கரையில ஆமைக்குஞ்சுகளைக் கடல்ல விடுறதைப் பார்க்கக் குடும்பத்தோட போயிருந்தோம். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு அலையைத் தொட்டதும் எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான் :)

"முட்டை போடும்போது அம்மா ஆமை அழுமாம்ப்பா"ன்னு என் பொண்ணு சொன்னா. அது அழுகை இல்ல. பங்குனி ஆமைக்குக் கண்ணுகிட்ட உப்புச் சுரப்பி இருக்கு. உடம்புல சேர்ற உப்பை அது வழியாத்தான் வெளியே தள்ளுது.

திரும்பும்போது தேங்காய்த்திட்டுல வண்டியை நிறுத்தி, வெண்கண்டல் இலை ஒண்ணை அவ நாக்குல வச்சேன். "கரிக்குது!"ன்னா. இந்த மரமும் உப்புத்தண்ணியிலதான் வாழுது, மிச்ச உப்பை இலை வழியா கழிக்குது. ஆமை செஞ்சா கண்ணீர், மரம் செஞ்சா ஒண்ணுமில்லையா?

இன்னும் இருக்கு. ஆமை சுமார் நூறு முட்டையை மணல்ல புதைச்சுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போயிடும். கண்டல் அப்படி இல்ல. விதை தாய்மரத்துலயே முளைக்க ஆரம்பிச்சு, அப்புறம்தான் தண்ணியில விழுந்து மிதக்குது. அம்மாத்தனத்துல மரம்தான் ஒரு படி மேல!

ஆமைக்கு 1972 வனவுயிர்ச் சட்டத்துல முதல் அட்டவணை. அப்படியும் இழுவலையில சிக்கி, மூச்சு விட மேல வர முடியாம சாகுது. 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்கில் செத்து ஒதுங்கினப்போ பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. நியாயமான பேச்சுதான். கண்டலுக்கும் கடலோர ஒழுங்குமுறை விதியில பாதுகாப்பு உண்டு. ஆனா அதன் மூச்சுவேர் மேல பிளாஸ்டிக்கும் கட்டட இடிபாடும் விழுந்தா யாரும் படம் எடுக்கிறதில்ல. அந்த வேருங்களுக்கு நடுவுலதான் இறாலும் மீன்குஞ்சும் வளருது. நம்ம குழம்புச்சட்டிக்கு வர்றது அங்கேருந்துதாங்க.

அதுக்காக, கடற்கரை முழுக்க மரம் நடச் சொல்லல. ஆமைக்கு வேண்டியது திறந்த மணல், கண்டலுக்கு வேண்டியது கழிமுகச் சேறு. சுனாமிக்கப்புறம் தமிழ்நாட்டுல பல இடத்துல மணல் மேல சவுக்கு நட்டு ஆமை ஏறுற இடத்தை அடைச்சாங்க. பச்சையா இருந்தா மட்டும் நல்லதாயிடாது.

என் கட்சி இதுதான்: ஆமைக்குக் கை தட்டுங்க. தட்டின கையோட அடுத்த ஞாயித்துக்கிழமை தேங்காய்த்திட்டுக்கு ஒரு சாக்குப்பையும் எடுத்துட்டு வாங்க. நானும் பொண்ணும் போறோம். நீங்க வர்றீங்களா?